சப்ஜுகேட்: பட்டியலில் ஏழு உருதுப் பொருள், வகுப்பில் எதைச் சொல்வது?

ஓக்லா_மாலைவகுப்பு கேட்டது:

வணக்கம். தில்லியில் ஓக்லா பக்கம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கிலச் சொல் வகுப்பு இது. முக்கால்வாசிப் பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். எனக்குத் தமிழும் கடைத்தெரு இந்தியும்தான். உருது எழுத்து படிக்க வராது.

இந்த வாரச் சொல் சப்ஜுகேட், அதாவது அடக்கி ஆள்வது. கையில் இருக்கும் அச்சடித்த பட்டியல் அதற்கு எதிரே இப்படிக் கொடுக்கிறது: முதீ கர்னா, தாபே கர்னா, ஜேர் கர்னா, மக்லூப் கர்னா, மஹ்கூம் பனானா, முஸக்கர் கர்னா, குலாம் பனானா (கர்னா என்றால் செய்வது, பனானா என்றால் ஆக்குவது). அடுத்த பக்கத்தில் டாமினேட் (ஆதிக்கம் செலுத்து), வான்க்விஷ் (தோற்கடி), சப்ட்யூ (கட்டுக்குள் கொண்டுவா). அவற்றுக்கும் இதே ஏழிலிருந்து நாலைந்து. பிள்ளைகள் ஏழையும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் வாக்கியம் எழுதச் சொன்னால் ‘இந்தியா சப்ஜுகேட்டட் ஆஸ்திரேலியா இன் த ஃபைனல்’ என்கிறார்கள். ‘ஃபயர்மென் சப்ஜுகேட்டட் த ஃபயர்’ என்று ஒரு விடைத்தாள். நிறையப் பேர் ‘சப்ஜுகேட்’ எழுதி ‘ஓவர்’ போடுகிறார்கள்.

இந்த ஏழில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? உருது எழுத்து தெரியாத ஆள் இதைத் தப்பில்லாமல் சொல்லிக்கொடுக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நுக்தா:

ஒன்றே ஒன்று கொடுங்கள்: மஹ்கூம் பனானா. மற்ற ஆறும் தப்பு என்பதில்லை, ஆறும் வேறு வேறு ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவை. பட்டியல் போட்டவர் அகராதியை அப்படியே கொட்டியிருக்கிறார்.

உங்களுக்கு உருது தெரியாது என்கிறீர்கள், ஆனால் பாதி தெரியும். நம் தாலுகா ஆபீஸ் தமிழிலேயே இந்த வாய்ப்பாடு இருக்கிறது. ‘அமல்’ என்றால் செயல், நடைமுறை. ‘மாமூல்’ என்றால் வழக்கமாக நடந்துவருவது. இரண்டும் ஒரே அரபு வேர். அதேபோல ‘தாசில்’, ‘மகசூல்’ இரண்டும் ஒரே வேர். திரட்டுவது தாசில், திரண்டு கைக்கு வந்தது மகசூல். முன்னால் ஒரு ‘ம’, கடைசி மெய்க்கு முன் ஒரு ‘ஊ’ ஒலி வந்தால் பெரும்பாலும் ‘செயலுக்கு ஆளானது’ என்று அர்த்தம். செய்கிறவருக்கு முதல் எழுத்தை நீட்டி, நடுவில் ‘இ’ வரும்.

இப்போது இந்தச் சோடிகளைப் பாருங்கள். ஹாகிம், ஆள்பவர், மஹ்கூம், ஆளப்படுபவர். ஜாலிம், கொடுமை செய்பவர். மஜ்லூம், கொடுமைக்கு ஆளானவர். காலிப், மேலோங்கியவர், மக்லூப், தோற்று அடங்கியவர். மாலிக், உடையவர், மம்லூக், உடைமையானவர். கடைசிச் சோடிக்கு உங்கள் ஊரிலேயே சான்று நிற்கிறது. குதுப் மினார் தொடங்கிய அடிமை வம்சத்துக்கு மம்லூக் வம்சம் என்றும் பெயர். காலிப் என்றவுடன் பிள்ளைகள் பழைய தில்லி பல்லிமாரானில் வாழ்ந்த கவிஞர் மிர்ஸா காலிபைச் சொல்வார்கள். சரிதான், அதே சொல்தான் அவர் புனைபெயர். ‘காலிபன்’ என்றால் ‘அநேகமாக’. எது மேலோங்கி நிற்கிறதோ அதுவே நடக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் தொடர்பு.

சப்ஜுகேட் என்றால் ஒரு கூட்டத்தை ஹாகிம் – மஹ்கூம் உறவில் கொண்டுவந்து நிறுத்துவது. ஆட்சி கைமாற வேண்டும், அது நீடிக்க வேண்டும், அடங்கியவர்கள் விரும்பி வந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் மஹ்கூம் பனானா என்பதில் இருக்கின்றன.

மற்ற ஆறு:

குலாம் பனானா என்றால் என்ஸ்லேவ். அடிமையை விற்கலாம், வாங்கலாம். மஹ்கூம் ஆன குடி தன் வீட்டில்தான் இருக்கும், தன் வயலைத்தான் உழும், வரி மட்டும் வேறொருவருக்குப் போகும். உருவகமாகச் சொல்லும்போது இரண்டும் கலக்கும். தேர்வில் கலக்கக் கூடாது.

முதீ, தாபே இரண்டும் ‘சொன்னபடி கேட்கிற’. விருப்பத்தோடும் ஒருவர் முதீ ஆகலாம், பக்தியில் வரும் சொல் அது. தாபே என்பது இலக்கணத்தில்கூட வரும், ஒன்று இன்னொன்றைச் சார்ந்து நிற்பது. ஆகவே சப்சர்வியன்ட், சபார்டினேட் பக்கம் தள்ளிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: கலெக்டர் ஆபீஸ் டபேதாருக்கும் இந்தத் தாபேவுக்கும் உறவில்லை, அது வேறு சொல்.

மக்லூப் என்றால் எதிரியிடமோ உணர்ச்சியிடமோ தோற்ற நிலை. கோபத்துக்கு மக்லூப் ஆவது என்று உருதுவில் சொல்லலாம். ஓவர்பவர் சரியாக வரும்.

ஜேர், முஸக்கர் இரண்டையும் வேறு யாராவது எழுதட்டும், தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது.

---

சொற்பொறுக்கி:

நுக்தா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் முதலில் கொடுக்க வேண்டியது ‘ஜேர் கர்னா’ என்பேன். காரணம் அந்த ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே அது இருக்கிறது.

சப் என்றால் லத்தீனில் கீழே. ஜுகும் என்றால் நுகத்தடி. ‘சப்ஜுகாரே’, நுகத்தடிக்குக் கீழே கொண்டுவருவது. மாட்டு வண்டியின் நுகம் மட்டுமில்லை. ரோமானியரிடம் ஒரு சடங்கு இருந்தது. இரண்டு ஈட்டியை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே கட்டி, தோற்ற படையை ஆயுதம் இல்லாமல் அதன் கீழே குனிந்து போகச் செய்வார்கள். வாசற்கால் மாதிரி வரும். கரும்பலகையில் மூன்று கோடு போட்டால் படம் முடிந்தது.

உருதுவில் ஜேர் என்றால் கீழே. பிள்ளைகளுக்கு இது முதல் வகுப்பிலேயே தெரியும்: எழுத்துக்குக் கீழே போடும் சாய்கோடு ஜேர், மேலே போடும் சாய்கோடு ஜபர். ‘இ’ ஒலிக்கு ஜேர், ‘அ’ ஒலிக்கு ஜபர். ஜபர் என்றால் மேலே. அதோடு தஸ்த், அதாவது கை, சேர்ந்தால் ஜபர்தஸ்த், மேல்கை. ‘ஜபர்தஸ்தாக நடந்துகொண்டான்’ என்று நம் பழைய ஆட்களும் சொல்வார்களே, அது இதுதான். ஜேர்தஸ்த் என்றால் கீழ்க்கை, அதாவது அடங்கியவர். பாலா என்றாலும் மேலே. பாலாதஸ்தீ என்றால் மேலாதிக்கம்.

‘சப் – ஜேர் – கீழ்’ என்று மூன்று மொழியிலும் ஒரே திசை காட்டலாம். ஜுகும் என்பதை ஆங்கிலத்தின் யோக், சமஸ்கிருதத்தின் யுகம், யோகம் ஆகியவற்றோடு ஒரே குடும்பமாக மொழியியலார் வைக்கிறார்கள். கான்ஜுகேட், கான்ஜுகல் இரண்டும் அதே நுகம்தான், அங்கே இரண்டு பேர் ஒன்றாகப் பூட்டப்படுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கான்ஜுகேட் ஏற்கெனவே வந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு சப்ஜுகேட்டுக்கு வரலாம்.

சப்ஜெக்ட் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது ‘கீழே எறிவது’ என்ற வேறு லத்தீன் வினையிலிருந்து வந்தது. எழுத்தில் சப்-ஜே வரை ஒன்றாக இருப்பதால் எல்லோரும் மயங்குவார்கள்.

---

நுக்தா:

நினைவில் வைக்க ஜேர் அருமை. பொருளாகக் கொடுத்தால்தான் ‘இந்தியா ஆஸ்திரேலியாவை சப்ஜுகேட் செய்தது’ வரும். பிள்ளை எங்கிருந்து அந்த வாக்கியத்தைப் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? உருதுப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ‘ஜேர் கர் தியா’ அன்றாடம் வரும். மல்யுத்தம், கபடி, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அன்றைக்கு ஜெயித்தார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு பீட், டிஃபீட், கொஞ்சம் ஆடம்பரமாக வான்க்விஷ்.

நீங்கள் சொன்ன ஈட்டிச் சடங்கே என் கட்சிக்குச் சாட்சி. கி.மு. 321இல் இத்தாலியின் காவ்டைன் கணவாயில் சம்னைட்டுகள் என்ற இனத்தார் ரோமானியப் படையையே நுகத்துக்குக் கீழே அனுப்பினார்கள். பெரிய அவமானம். ஆனால் ரோம் அவர்களுக்கு அடங்கிவிட்டதா? இல்லை. கடைசியில் கி.மு. 290இல் அடங்கியது சம்னைட்டுகள். ஒரு நாள் குனிவது ஜேர், பரம்பரையாக அடங்குவது மஹ்கூம். இன்றைய ஆங்கிலச் சொல் இரண்டாவதற்குத்தான்.

எனவே பிள்ளைகளின் சொல் அட்டையில் மஹ்கூம் பனானா, கரும்பலகையில் நுகமும் ஜேரும். இப்படிப் பிரித்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது.

---

சொற்பொறுக்கி:

ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டுப் பக்கம் எனக்குத் தோன்றவில்லை.

---

மயூர்விஹார்_மாமா:

சொல்லுக்கு எதிரே சொல் எழுதிக்கொண்டிருந்தால் இது விடியாது. ஒரு வரலாற்றை எடுத்து அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொல்லை மாட்டுங்கள். தில்லிப் பிள்ளைகளுக்குத் தில்லி வரலாறே போதும்.

1803 செப்டம்பர் 11, பட்பர்கஞ்ச் சண்டை. ஜெனரல் லேக்கின் கம்பெனிப் படை மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையைத் தோற்கடித்தது. இது வான்க்விஷ், ஜேர் கர்னா அல்லது ஷிகஸ்த் தேனா. நம் மயூர் விஹாருக்குப் பக்கத்தில்தான். நினைவுத் தூண் நொய்டா கோல்ஃப் மைதானத்துக்குள் இருக்கிறது, பந்து படாமல் பார்க்க வேண்டும்.

1803க்குப் பிறகு, பாதுஷா ஷா ஆலம் செங்கோட்டையில் இருக்கிறார், ஓய்வூதியம் வருகிறது, உத்தரவு கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்டிடமிருந்து வருகிறது. அரியணை உண்டு, அதிகாரம் இல்லை. இது ஹெஜிமனி, பாலாதஸ்தீ. ‘சல்தனதே ஷா ஆலம், அஜ் தில்லி தா பாலம்’ என்ற பழமொழி உருது வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாலம் என்றால் நமக்கு விமான நிலையம். ராஜ்ஜியம் அங்கே வரைதான் என்று கிண்டல்.

1857 எழுச்சி. அதை கம்பெனி அடக்கியது குவெல் அல்லது சப்ரஸ். உருதுவில் ‘பகாவத் ஃப்ரோ கர்னா’, பேச்சில் தபானா. 1858இல் பஹதூர் ஷா ஜஃபர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார், ஆட்சி நேராக பிரிட்டிஷ் அரசியிடம் போனது. இப்போதுதான் சப்ஜுகேட் என்று கூசாமல் எழுதலாம்: மஹ்கூம் பனா லியா.

1856இல் அவத் ராஜ்ஜியத்தைச் சேர்த்துக்கொண்டதற்கு அனெக்ஸ், உருதுவில் இல்ஹாக். நிலத்தை இணைப்பது அனெக்ஸ், மக்களை அடக்குவது சப்ஜுகேட். ‘அனெக்ஸ்டு த பீப்பிள்’ என்று எழுதினால் மார்க் போகும்.

அடுத்தது உருபு. ஓவர் ஏன் வருகிறது என்று பாருங்கள். பட்டியலில் இருப்பதற்கு உருது எந்த உருபு எடுக்கிறது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மஹ்கூம் பனானா, ஜேர் கர்னா, மக்லூப் கர்னா மூன்றுக்கும் ‘கோ’, அதாவது நம் ‘ஐ’. ஆதிக்கம் பெறுவதைச் சொல்லும் தஸல்லுத் ஜமானா, கல்பா பானா, ஹாவீ ஹோனா மூன்றுக்கும் ‘பர்’, நம் ‘மீது’. பிள்ளை மனதில் தஸல்லுத் ஓடிக்கொண்டிருந்தால் கை தானாக ஓவர் எழுதும். ஆங்கிலத்தில் சப்ஜுகேட், டாமினேட், சப்ட்யூ மூன்றும் நேரே செயப்படுபொருளை எடுக்கும், ஓவர் வேண்டாம். பெயர்ச்சொற்களான ஹெஜிமனி, டொமினியன், டாமினன்ஸ் ஆகியவற்றுக்கு ஓவர் வரும். ப்ரீடாமினேட் ஒரு குறும்பு, அது வினையாக இருந்தும் ஓவர் கேட்கும். ‘கோ’ என்றால் ஓவர் இல்லை, ‘பர்’ என்றால் நின்று யோசி. இந்த ஒரு வரி போதும்.

‘டு’ வரும் இடம் ஒன்று உண்டு: தன் விருப்பத்தைக் குடும்பத்தின் விருப்பத்துக்குக் கீழே வைப்பது. ‘சப்ஜுகேட் ஹிஸ் விஷஸ் டு தோஸ் ஆஃப் த ஃபேமிலி’. அங்கே உருது மஹ்கூம் வராது, தாபே கர்னா. நுக்தா தாபேயை முழுக்கத் துரத்திவிட்டார், இந்த ஒரு வாசலில் மட்டும் உள்ளே விடுங்கள்.

---

ஓக்லா_மாலைவகுப்பு:

மிக்க நன்றி எல்லோருக்கும். பட்பர்கஞ்ச் வழியாகத்தான் பஸ் போகிறது, இது தெரியாது.

ஒன்று பாக்கி. முஸக்கர் கர்னா. பட்டியலில் ஆங்கில எழுத்தில் எம்-யு-எஸ்-ஏ-கே-எச்-ஏ-ஆர் என்று இருக்கிறது. வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. என்ன தப்பு? அப்புறம், டாமினேட்டுக்கு ஒரு சொல் மட்டும் என்றால் எது? பட்டியலில் தஸல்லுத் இருக்கிறது.

---

நுக்தா:

சிரித்ததற்குக் காரணம் நீங்கள் ‘மஸ்கர்’ என்பதுபோல் சொல்லியிருப்பீர்கள். மஸ்கரா என்றால் கோமாளி. இரண்டுக்கும் மெய்யெழுத்து ஒன்றே: மீம், ஸீன், கே, ரே. கோமாளிக்குக் கடைசியில் சின்ன ஹே கூட வரும். உருதுவில் குற்றுயிர்க் குறி பொதுவாகப் போட மாட்டார்கள், இரட்டிப்புக் குறியும் போட மாட்டார்கள். ஆகவே எழுத்தைப் பார்த்து ‘முஸக்கர்’ என்று இரட்டித்துப் படிப்பதும் ‘மஸ்கர்’ என்று படிப்பதும் படிப்பவர் கையில். ஆங்கில எழுத்தில் பெயர்த்தவர் ‘கே-எச்’சை ஒரு தடவை மட்டும் எழுதினால் குழப்பம் இரட்டிப்பு. சரியாகச் சொல்ல: மு, ஸக், கர் என்று மூன்று அசையாகப் பிரித்து, நடுவில் தொண்டையில் உரசும் கே-யை அழுத்துங்கள்.

பொருளும் உங்களுக்கு வேண்டாததுதான். தஸ்கீர், முஸக்கர் என்பவை வெற்றி கொள்வதற்கும் வரும், ஜின்னை வசியம் செய்வதற்கும் வரும், இதயங்களை வெல்வதற்கும் வரும். தமிழில் ‘வசப்படுத்து’ எப்படி நாட்டுக்கும் வரும் நெஞ்சுக்கும் வருமோ அப்படி. ஆங்கில சப்ஜுகேட்டில் இந்த இனிமை கிடையாது. யாரும் ஒரு பாடகர் ரசிகர்களை சப்ஜுகேட் செய்தார் என்று பாராட்ட மாட்டார்கள்.

டாமினேட்டுக்கு ‘ஹாவீ ஹோனா’. இந்தி கிரிக்கெட் வர்ணனையில் நாளெல்லாம் வருவது, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம். ஆட்டத்தில் ஹாவீ ஆகலாம், பேச்சில் ஆகலாம், ஒரு கட்டடம் தெருவின் தோற்றத்தில் ஹாவீ ஆகலாம். டாமினேட்டும் அப்படித்தான், எதிராளியை அடிமையாக்க வேண்டியதில்லை. குணத்தைச் சொல்லும் டாமினியரிங் வந்தால் தஹக்கும், அல்லது ‘தஹக்குமானா லஹ்ஜா’, அதட்டல் தொனி. மறுபடி ஹாகிம், மஹ்கூம் இரண்டிலும் இருக்கும் ஹுக்ம் வேர்தான் பாருங்கள், அதிகாரம் செலுத்துவது.

தஸல்லுத்தை ஆட்சிப் பிடிப்பு, ஆக்கிரமிப்பு இரண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வேர் சுல்தான், சல்தனத் இரண்டிலும் இருக்கிறது. மஞ்சள் மெட்ரோவில் சுல்தான்பூர் தாண்டும்போது நினைத்துக்கொண்டால் மறக்காது. முஸல்லத் கர்னா என்றால் விரும்பாதவர் மேல் திணிப்பது, இம்போஸ்.

---

ஆர்கேபுரம்_தமிழ்:

உருது எழுத்து தெரியாமல் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முடியும். ஆனால் எழுத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். நீங்கள் தேவநாகரியில் எழுதிப் போட்டால் புள்ளி விட்டுப்போகும். காலிப் என்பதன் முதல் எழுத்து கைன். தேவநாகரியில் அதற்கு ‘க’ வர்க்கத்து மூன்றாம் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வேண்டும். ஜேர், ஜாலிம் இரண்டுக்கும் ‘ஜ’வின் கீழ் புள்ளி. புள்ளி போனால் ஜேரின் ஆங்கில இசட் ஒலி போய் இந்தி ஜ ஆகிவிடும், உருதுப் பிள்ளைகள் உடனே திருத்துவார்கள். திருத்தட்டும், நல்லதுதான்.

எழுத்தில் தடுக்கி விழும் இடங்கள்: மஹ்கூமில் வருவது பெரிய ஹே, சின்ன ஹே இல்லை. தஸல்லுத்தின் கடைசி எழுத்து தோய், சாதாரண தே இல்லை; முதல் எழுத்துதான் தே. ஜாலிமில் வருவது ஜோய், ஜேரில் வருவது ஜே. ஒலியில் வித்தியாசம் கேட்காது, எழுதினால்தான் தெரியும். முதீ, தாபே இரண்டின் கடைசியிலும் ஐன். அதை யாரும் உச்சரிப்பதில்லை, ஆனால் எழுத்தில் விட்டால் பிழை. வகுப்பில் உருது நன்றாக எழுதும் இருவரைச் சரிபார்க்க வையுங்கள்.

எழுத்து பழக வேண்டுமென்றால் தில்லியைப் போல் வசதி கிடையாது. தெருப் பெயர்ப்பலகைகளில் இந்தி, ஆங்கிலம், குர்முகி, உருது நான்கும் இருக்கும். தெரிந்த பெயரை உருதுவில் பார்த்துக்கொண்டே போனால் எழுத்து பிடிபடும். ஜாமா மசூதிக்கு எதிரே உருது பஜாரில் முதல் வகுப்பு ‘காயிதா’ கிடைக்கும், மெல்லிய புத்தகம். அகராதி என்றால் 1884இல் வந்த பிளாட்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உருதுச் சொல்லின் அரபு வேரையும் அது காட்டும். ஆனால் அது உருதுவிலிருந்து ஆங்கிலத்துக்கு. சரிபார்ப்பதற்கு அதுவே நல்லது: பட்டியலில் இருக்கும் உருதுச் சொல்லை அதில் தேடி, ஆங்கில விளக்கத்தில் என்ன வருகிறதென்று திருப்பிப் பாருங்கள். முதீ போட்டால் கீழ்ப்படிதல் வரும். அப்போது பட்டியல் எங்கே சறுக்கியதென்று தெரிந்துவிடும்.

உச்சரிப்பு. அழுத்தம் முதல் அசையில்: சப். நடுவில் வரும் ஜு குறில், மெலிந்தது. கடைசி, வாசல் கேட். பிள்ளைகள் ஜூ என்று நீட்டுவார்கள், அப்போது அழுத்தம் நடுவுக்கு ஓடிவிடும். ‘சப்ஜி கேட்’ என்று யாராவது கேலி செய்வார்கள். ஆசாத்பூர் காய்கறி மண்டி வாசல் என்று நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஜியை ஜுவாக மாற்றினால் உச்சரிப்பு ஏறத்தாழ வந்துவிடும். ஸ்பெல்லிங்கில் பிழை நடுவில்தான்: ஜே-யு-ஜி. யு-வுக்குப் பதில் ஏ, ஜி-க்குப் பதில் சி எழுதுவார்கள். ‘ஜக்’ என்ற பாத்திரம் நடுவில் இருக்கிறது, சப்-ஜக்-ஏட் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பு நடத்த இப்படிப் பாருங்கள். ஒரு நாற்பது நிமிட வகுப்பில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் பத்து நிமிடம் நுகப் படம், ஹாகிம் – மஹ்கூம் சோடி, உச்சரிப்பு. அடுத்து மாமா சொன்ன தில்லிக் கதையை எழுதாமல் வாயாலேயே சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி எந்தச் சொல் என்று கேளுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் எழுத்து. அட்டையின் முன்பக்கம் ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தால் மனப்பாடம்தான் நடக்கும். முன்பக்கத்தில் கோடிட்ட இடத்தோடு முழு வாக்கியம், பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல், அதன் கீழ் ஒரே ஒரு உருதுத் தொடர், பக்கத்தில் ‘கோ’ அல்லது ‘பர்’. மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை புரட்ட வேண்டும். இரண்டாவது தடவையிலேயே எல்லாம் தெரியும் என்று விட்டுவிடுவார்கள், மூன்றாவதில்தான் டாமினேட்டும் சப்ஜுகேட்டும் கலந்துபோனது வெளியே வரும்.

தீயணைப்பு வாக்கியத்துக்கு: சப்ஜுகேட் ஆக வேண்டியது மனம் உள்ளதாக இருக்க வேண்டும். மக்கள், இனம், நாடு. மனசாட்சி, ஆசை, இயற்கை ஆகியவற்றை ஆள்போல நினைத்து எழுதினால் ஏற்பார்கள். தீ, தலைவலி, நாற்றம் ஏற்க மாட்டார்கள். தீக்கு சப்ட்யூ, உருதுவில் ‘காபூ பானா’, அது பர் எடுக்கும். சப்ட்யூவுக்கு இன்னொரு முகமும் உண்டு. சப்ட்யூட் லைட் என்றால் மங்கலான வெளிச்சம், சப்ட்யூட் வாய்ஸ் என்றால் தணிந்த குரல். அங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை. உருதுவில் மத்தம்.

---

மயூர்விஹார்_மாமா:

ஆர்கேபுரம், ‘மனம் உள்ளது’ விதியை நோட்டில் எழுதவைக்காதீர்கள், அதையும் ஒப்பிப்பார்கள். பத்து வாக்கியம் கொடுத்து நாலு தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிலர் இந்தி ‘அதீன்’ போட்டுச் சமாளிப்பார்கள். தமிழ்ப் பிள்ளை யாராவது இருந்தால் ஆதீனம் என்று திருவாவடுதுறைக்குப் போய்விடும். அதே வேர்தான், ஆனால் நம்மிடம் அது மடத்துக்கும் மடத்தின் ஆட்சிக்கும் பெயராகி உட்கார்ந்துவிட்டது. நாம் ‘அடக்கியாள்’ என்று சொல்லிக்கொடுத்தால் போதும். அடக்குவதும் ஆள்வதும் ஒரே சொல்லில் இருக்கின்றன, அடிமைப்படுத்து என்பதைவிட அளவு சரியாக இருக்கும்.

---

ஓக்லா_மாலைவகுப்பு:

அட்டைகள் இன்றே எழுதிவிடலாம். ஐந்து சொல்: சப்ஜுகேட் – மஹ்கூம் பனானா, கோ. டாமினேட் – ஹாவீ ஹோனா, பர். வான்க்விஷ் – ஜேர் கர்னா, கோ. சப்ட்யூ – காபூ பானா, பர். ஹெஜிமனிக்கு பட்டியல் ‘இஜாராதாரீ’ என்கிறது, மாமா பாலாதஸ்தீ என்கிறார். எது?

---

சொற்பொறுக்கி:

பாலாதஸ்தீ. இஜாரா என்றால் குத்தகை, நம் பழைய கணக்கு ஏடுகளிலும் வரும். இஜாராதாரீ மோனோபொலிக்கு. ஒரே கடைக்காரர் மட்டும் விற்கலாம் என்பது மோனோபொலி. பத்துக் கடை இருந்தும் எல்லோரும் ஒருவர் வைத்த விலையையே வைப்பது ஹெஜிமனி. இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்ஷி இந்தச் சொல்லைக் கையாண்டது, ஆளப்படுகிறவர்களின் இசைவோடு நடக்கும் ஆதிக்கத்துக்கு. அதனால்தான் சப்ஜுகேட்டின் பக்கத்தில் வைத்துச் சொல்ல அது நல்ல எதிர்ச்சொல்: சப்ஜுகேட்டில் இசைவு கிடையாது.

சப்ட்யூ அட்டையில் மட்டும் கவனம். உருது பர் எடுக்கிறது, ஆங்கிலம் ஓவர் எடுக்காது. பர் எழுதிப் பக்கத்தில் ஓவரைச் சிவப்பில் அடித்துக் காட்டுங்கள். டாமினேட்டுக்கும் அதேபோல.